ஆள் போனால் கடை நிற்குமா?

கீமேன் இன்ஷூரன்ஸ் பற்றி வணிகர்களுக்கு ஒரு பாடம்

"கடைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறீர்களா?" என்று நம் உறுப்பினர்களைக் கேட்டால், "ஓ, இருக்கிறதே!" என்று பலரும் சொல்வார்கள். சரக்குக்கு இருக்கும். தீ, திருட்டு, வெள்ளம் ஆகியவற்றுக்கு இருக்கும். பாங்கில் கடன் வாங்கியிருந்தால் பாங்கே கட்டாயப்படுத்தி எடுக்க வைத்திருக்கும். லோடு வண்டிக்குச் சட்டப்படியே எடுத்தாக வேண்டும். ஆனால் அந்தச் சரக்கைப் பார்த்து வாங்கி, விலை வைத்து விற்று, கடனை வசூல் செய்து கொண்டு வரும் ஆளுக்கு? அங்கேதான் பலரும் தலையைச் சொறிவோம்.

குடோனில் உள்ள நூறு மூட்டை துவரம்பருப்பு எரிந்து போனால், நூறு மூட்டைதான் நஷ்டம். அந்தப் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தவுடனே ஈரம் எவ்வளவு, புதுசா பழசா, எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லக்கூடிய மனிதர் போய்விட்டால், அடுத்து வாங்கப் போகும் ஒவ்வொரு லோடிலும் நஷ்டம் வரலாம். ஆகவே ஆள் இழப்பை எப்படிக் கணக்கிடுவது, எதற்கு இன்ஷூரன்ஸ் உண்டு, எதற்கு இல்லை, இன்ஷூரன்ஸ் எடுத்தாலும் தீராத காரியங்கள் எவை என்பதை இந்தப் பாடத்தில் வரிசையாகப் பார்ப்போம்.

1. யார் இன்றியமையாதவர்?

கடையில் வேலை செய்யும் எல்லோரும் வேண்டியவர்களே. ஆனால் இங்கே "முக்கிய நபர்" என்று சொல்வது, அவர் இல்லாவிட்டால் கடையின் லாபமே குறையும் என்கிற ஆளை. இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஒரு தாளில் கடையில் உள்ளவர்கள் பெயரை எல்லாம் எழுதுங்கள், உங்கள் பெயரையும் சேர்த்து. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கேள்விகள் கேளுங்கள்.

நாளை ஒருநாள் இவர் வரவில்லை என்றால் என்ன ஆகும்? ஒரு வாரம் வரவில்லை என்றால்? இனி வரவே மாட்டார் என்றால்?

முதல் கேள்விக்கு "கடை திறக்கவே முடியாது" என்று பதில் வந்தால், அது பெரும்பாலும் சாவி, பாஸ்வேர்டு சம்பந்தப்பட்ட விஷயம். அதை இன்ஷூரன்ஸ் இல்லாமலே சரி செய்து விடலாம். மூன்றாவது கேள்விக்கு, "ஒரு மாதத்தில் வேறு ஆள் போட்டுக் கொள்ளலாம்" என்று பதில் வந்தால் அவர் நல்ல ஊழியர். ஆனால் நாம் சொல்லும் பொருளில் முக்கிய நபர் அல்ல. "ஆறு மாதம், ஒரு வருடம் ஆனாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது" என்று பதில் வந்தால் அவர்தான் நாம் தேடும் ஆள்.

மளிகை மொத்த வியாபாரத்தில் இப்படிப்பட்டவர்கள் பொதுவாக நான்கு பேர்: மண்டியில் சரக்கு பார்த்து வாங்குபவர், சில்லறைக் கடைகளுக்குப் போய் ஆர்டர் எடுத்துக் கடன் வசூல் செய்பவர், பேரேடும் வரிக் கணக்கும் பார்க்கும் கணக்குப்பிள்ளை, கடைசியாக, முதலாளி. பல கடைகளில் இந்த நான்கும் ஒரே ஆள். அங்கேதான் ஆபத்தும் அதிகம்.

2. இழப்பை ரூபாயில் கணக்கிடுவது

"அவர் இல்லாமல் கையொடிந்த மாதிரி" என்று சொல்வது மனசு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ரூபாய்க் கணக்கு வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம்.

வருடத்துக்கு 6 கோடி ரூபாய் விற்பனை உள்ள ஒரு மொத்த மளிகைக் கடை என்று வைத்துக் கொள்வோம். மொத்த லாபம் 5 சதம், அதாவது 30 லட்சம். வாடகை, சம்பளம், வட்டி, மின்சாரம் எல்லாம் போக நிகர லாபம் 12 லட்சம். கொள்முதலையும் வசூலையும் பார்க்கும் மேனேஜருக்கு மாதம் 30,000 சம்பளம். வெளியே நிற்கும் கடன் 50 லட்சம். அந்த மேனேஜர் திடீரென்று காலமானால்:

அவரை நம்பி வாங்கிக் கொண்டிருந்த சில கடைக்காரர்கள் வேறு இடம் போவார்கள். ஆறு மாதத்துக்கு விற்பனை கால் பங்கு குறைந்தால், குறையும் விற்பனை 75 லட்சம். அதில் 5 சதம் லாப இழப்பு 3 லட்சத்து 75 ஆயிரம்.

வாய்ச் சொல்லில் கொடுத்த கடன், "அவரிடம் கொடுத்து விட்டேனே" என்று சொல்லும் பாக்கி ஆகியவற்றில் 4 சதம் வராமல் போனால் 2 லட்சம்.

புது ஆள் சரக்குப் பார்ப்பதில் ஏமாந்து, ஆறு மாதக் கொள்முதலில் 1 சதம் கூடுதல் விலை கொடுத்தால் ஏறக்குறைய 2 லட்சம்.

அனுபவம் உள்ள ஆளைக் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்து வர, மாதம் 10,000 வீதம் ஆறு மாதத்துக்கு 60 ஆயிரம்.

கூட்டினால் 8 லட்சத்து 35 ஆயிரம். வருட நிகர லாபத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல்! ஒரு மூட்டை சரக்கு கூடத் திருடு போகாமல், ஒரு பலகை கூட எரியாமல் வந்த நஷ்டம் இது. உங்கள் கடைக்கு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். சதவீதங்கள் மாறலாம், கணக்குப் போடும் முறை இதுதான்.

3. கீமேன் பாலிசி என்பது என்ன?

சாதாரண ஆயுள் இன்ஷூரன்ஸில் ஒருவர் தம் உயிரின் மேல் பாலிசி எடுப்பார். பணம் குடும்பத்துக்குப் போகும். கீமேன் பாலிசியில் பாலிசி எடுப்பது வியாபார நிறுவனம். பிரீமியம் கட்டுவதும் நிறுவனம். உயிர் யாருடையதோ அவர் முக்கிய நபர். அவர் பாலிசிக் காலத்துக்குள் இறந்தால் பணம் நிறுவனத்துக்கு வரும்.

இங்கே "ஒருவர் உயிரின் மேல் மற்றவர் பந்தயம் கட்டுவதா?" என்ற கேள்வி எழலாம். அப்படிப் பந்தயமாகி விடக் கூடாது என்றுதான், அந்த ஆள் இறந்தால் நிறுவனத்துக்கு உண்மையிலேயே பண நஷ்டம் உண்டு என்பதைக் காட்டச் சொல்கிறார்கள். அவருடைய சம்மதமும் கையெழுத்தும், மருத்துவப் பரிசோதனையும் தேவை. அவருக்குத் தெரியாமல் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

முன்பெல்லாம் சேமிப்புச் சேர்ந்த எண்டோமென்ட் பாலிசிகளையும் கீமேன் என்ற பெயரில் எடுத்தார்கள். இப்போது இறப்புக்கு மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசியாகவே இது தரப்படுகிறது. காலம் முடியும்வரை அவர் நலமாக இருந்தால் கட்டிய பணம் திரும்ப வராது. "வீணாய்ப் போச்சே" என்று எண்ண வேண்டாம். குடோன் எரியாத வருடத்தில் தீ இன்ஷூரன்ஸ் பிரீமியம் திரும்ப வருகிறதா? அதே கணக்குதான்.

எவ்வளவுக்கு எடுக்கலாம்? இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பொதுவாக மூன்று அளவுகோல் பார்ப்பார்கள்: அந்த நபரின் ஆண்டுச் சம்பளத்தைப் போல் 10 மடங்கு, மூன்று வருடச் சராசரி மொத்த லாபத்தைப் போல் 3 மடங்கு, சராசரி நிகர லாபத்தைப் போல் 5 மடங்கு. கம்பெனிக்குக் கம்பெனி இது சற்று மாறும். நம் உதாரணத்தில் இவை முறையே 36 லட்சம், 90 லட்சம், 60 லட்சம். இதில் குறைந்தது 36 லட்சம். அதற்காக 36 லட்சத்துக்கும் எடுத்தாக வேண்டும் என்பதில்லை. அது உச்ச வரம்பு. நம் தேவை நாம் போட்ட கணக்குத்தான். ஏஜென்ட் சொல்லும் தொகையை அல்ல, பேரேடு சொல்லும் தொகையை எடுங்கள்.

விண்ணப்பிக்கும்போது மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன், ஐந்தொகை, லாப நஷ்டக் கணக்கு, அந்த நபரின் சம்பள ஆதாரம் ஆகியவை கேட்பார்கள். கணக்கில் மாதம் 8,000 என்று காட்டி, கையில் 30,000 கொடுக்கும் கடைகளுக்கு இங்கே சிக்கல்தான். காட்டாத சம்பளத்துக்குப் பத்து மடங்கு போட முடியாது.

சர்க்கரை, இரத்த அழுத்தம், பீடி, சிகரெட், முன்பு செய்த ஆபரேஷன் எதையும் மறைக்க வேண்டாம். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பாலிசி தொடங்கி மூன்று வருடம் ஆகிவிட்டால் எந்தக் காரணம் காட்டியும் அதைக் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. ஆனால் அந்த மூன்று வருடத்துக்குள் மறைத்தது தெரிந்தால், கைக்கு வர வேண்டிய பணம் வழக்குக்குப் போய்விடும்.

4. வரி விஷயம்

கீமேன் பிரீமியத்தை வியாபாரச் செலவாக எழுதலாம். மத்திய நேரடி வரிகள் வாரியம் 1998 பிப்ரவரி 18ஆம் தேதியிட்ட 762ஆம் எண் சுற்றறிக்கையில் இதைத் தெளிவுபடுத்தியது. கூட்டு வியாபாரத்தில் கூட்டாளியின் உயிர் மேல் எடுத்த பாலிசிக்கும் இது பொருந்தும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது.

ஆனால் ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் வாங்குவார்கள். 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கீமேன் பாலிசியில் வரும் தொகை நிறுவனத்தின் வருமானம், வரி உண்டு. சாதாரண ஆயுள் பாலிசியில் இறப்பின்போது வரும் தொகைக்கு உள்ள விலக்கு இதற்குக் கிடையாது. பாலிசியை இடையில் அந்த நபர் பெயருக்கே மாற்றிக் கொடுத்து வரியைத் தவிர்க்கும் வழியை 2013ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அடைத்து விட்டது. 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்று வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. ஆடிட்டரைக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

மேனேஜர் விஷயத்தில் இது பெரிய பாதிப்பு அல்ல. அவர் இழப்பால் வரும் நஷ்டமும் அதே கணக்கில் கழிந்து விடும். கூட்டாளி விஷயத்தில்தான் யோசிக்க வேண்டும். ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

5. கூட்டு வியாபாரம்: பத்திரத்தை எடுத்துப் படியுங்கள்

1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, கூட்டாளிகளுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒரு கூட்டாளி இறந்தவுடன் கூட்டே கலைந்து விடும். "ஒருவர் இறந்தாலும் மற்றவர்கள் தொடர்ந்து நடத்தலாம்" என்ற வாசகம் உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா? இன்று இரவே பெட்டியைத் திறந்து பாருங்கள். இரண்டே பேர் உள்ள கூட்டில் இந்த வாசகம் இருந்தும் பயனில்லை. ஒருவர் போனபின் தனி ஆள் கூட்டு ஆக முடியாது. உச்ச நீதிமன்றம் 1965இல் இதை விளக்கியது. இப்படிப்பட்டவர்கள் நம்பிக்கையான மூன்றாவது ஆளை, மகனையோ மருமகனையோ, இப்போதே கூட்டில் சேர்ப்பது நல்லது.

அடுத்தது பணம். மூன்று கூட்டாளிகள், ஆளுக்கு 20 லட்சம் முதல் என்று வைத்துக் கொள்வோம். ஒருவர் காலமாகிறார். அவர் மனைவி, "என் பங்கைக் கொடுங்கள்" என்கிறார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பிள்ளைகளை அவர் படிக்க வைக்க வேண்டும். ஆனால் 60 லட்சமும் மூட்டையிலும் வெளிக் கடனிலும் கிடக்கிறது. கொடுக்க வேண்டுமானால் சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் கந்து வட்டிக்குப் போக வேண்டும். கணக்குத் தீர்க்காமல் அந்தப் பணத்தை வைத்துத் தொழில் நடத்தினால், 37ஆம் பிரிவுப்படி வாரிசுகள் அதற்குரிய லாபப் பங்கையோ வருடத்துக்கு 6 சதம் வட்டியையோ, விருப்பம் போல் கேட்கலாம். அண்ணன் தம்பியாய்ப் பழகிய குடும்பங்கள் கோர்ட்டு வாசலில் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கூட்டு நிறுவனம் ஒவ்வொரு கூட்டாளி மேலும் பாலிசி எடுத்து வைத்தால், அந்தப் பணத்தைக் கொண்டு வாரிசுகளுக்குக் கணக்குத் தீர்க்கலாம். இங்கேதான் வரி குறுக்கே வருகிறது. வாரிசுக்குக் கொடுக்கும் முதல் பணம் வியாபாரச் செலவு ஆகாது. கூட்டு நிறுவனத்துக்கு வரி 30 சதமும் அதன்மேல் செஸ் 4 சதமும் சேர்த்து 31.2 சதம். ஆகவே வரி போக 20 லட்சம் கையில் நிற்க வேண்டுமானால் பாலிசி சுமார் 29 லட்சத்துக்கு இருக்க வேண்டும்.

சிறிய கூட்டுகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு கூட்டாளியும் தம் சொந்தப் பணத்தில் தம் குடும்பத்துக்காகத் தனி டெர்ம் பாலிசி எடுத்துக் கொள்வது; "இறந்தவரின் பங்கை மூன்று வருடத்தில், இத்தனை தவணையில், இன்ன வட்டியில் கொடுப்போம்" என்று பத்திரத்தில் எழுதுவது. குடும்பத்துக்கு உடனே பணம் கிடைக்கிறது. கடைக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. எது லாபம் என்று ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

6. தனி முதலாளிக்கு

நம்மில் பெரும்பாலோர் தனி உரிமையாளர்கள். சட்டத்தின் கண்ணில் கடையும் முதலாளியும் ஒரே ஆள். எனவே முதலாளி தம் உயிர் மேல் கீமேன் பாலிசி எடுக்க முடியாது. சொந்தப் பெயரில் டெர்ம் பாலிசிதான் எடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசி பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. 1874ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6ஆம் பிரிவின் கீழ், மணமான ஆண் தம் மனைவிக்காகவோ பிள்ளைகளுக்காகவோ என்று குறிப்பிட்டுப் பாலிசி எடுத்தால், அந்தப் பணம் அவர்களுக்கான டிரஸ்ட் சொத்தாகிறது. கடை முழுகினாலும் கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு எடுத்திருந்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. விண்ணப்பிக்கும்போதே இதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கிப் பூர்த்தி செய்ய வேண்டும். பிறகு மாற்றிக் கொள்ளலாம் என்று விட்டு விடாதீர்கள்.

முதலாளி போனபின் லைசென்ஸ்கள் என்ன ஆகும் என்பதையும் வீட்டில் உள்ளவர்கள் தெரிந்திருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் வாரிசுகளுக்காக இறந்த தேதியிலிருந்து 90 நாள் வரை செல்லும். அதற்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஜி.எஸ்.டி.யில் இறந்தவர் பதிவை ரத்து செய்து, தொழிலைத் தொடரும் வாரிசு தம் பெயரில் புதுப் பதிவு எடுக்க வேண்டும். பழைய பதிவில் மிச்சம் நிற்கும் உள்ளீட்டு வரி வரவை ஐ.டி.சி.-02 படிவம் மூலம் மாற்றிக் கொள்ளலாம் என்று 2019 மார்ச் 28ஆம் தேதிச் சுற்றறிக்கை கூறுகிறது. கடையின் கரண்ட் அக்கவுண்டுக்கும் நாமினி போடலாம். பாங்கில் கேட்டு இந்த வாரமே போட்டு விடுங்கள்.

7. சாவு மட்டும்தான் இழப்பா?

பக்கவாதம் வந்து படுத்தவர் உயிரோடுதான் இருக்கிறார். டெர்ம் பாலிசியில் ஒரு பைசா வராது. லாரியில் லோடு ஏற்றும்போது கால் முறிந்து நான்கு மாதம் கிடந்தாலும் அப்படியே. இதற்குப் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் தனிநபர் விபத்துப் பாலிசி இருக்கிறது. தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வாராந்தரத் தொகை தரும் பிரிவையும் சேர்த்துக் கேளுங்கள். பெரிய வியாதிகளுக்கு ஆயுள் பாலிசியோடு இணைப்பாக எடுக்கும் வசதி உண்டு.

8. அவர் குடும்பத்தை மறக்கக் கூடாது

இதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மேனேஜர் இறந்ததற்குக் கடைக்கு 10 லட்சம் வருகிறது. அவர் மனைவி வெறுங்கையோடு நிற்கிறார் என்றால், சட்டப்படி சரியாக இருக்கலாம். ஊர் வாய் ஒப்புக் கொள்ளாது, நம் மனசும் ஒப்புக் கொள்ளாது. கீமேன் பாலிசிக்குக் கையெழுத்துக் கேட்கும் அன்றே, அவர் குடும்பத்துக்கு என்று இன்னொரு பாலிசிக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.

சிறு கடைகள் குறைந்தபட்சம் இதையாவது செய்யலாம். மத்திய அரசு 2015இல் தொடங்கிய இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. பிரதம மந்திரி ஜீவன் ஜோதித் திட்டத்தில் 18 முதல் 50 வயது வரை உள்ளவர் சேரலாம். வருடம் 436 ரூபாய். எக்காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். சுரக்ஷாத் திட்டத்தில் 70 வயது வரை; வருடம் 20 ரூபாய்; விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டும் சேர்ந்து 456 ரூபாய். ஒரு தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் செலவு. கடையில் உள்ள எல்லோருக்கும் அவரவர் சேமிப்புக் கணக்கிலிருந்து பிடிக்கச் செய்து, பணத்தை நாம் கொடுத்து விடலாம். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளில், பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்தால் ஐந்து வருடம் முடியாவிட்டாலும் பணிக்கொடை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். முதலாளிகள் வணிகர் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

9. இன்ஷூரன்ஸ் தராதது

இன்ஷூரன்ஸ் பணம் தரும், அனுபவம் தராது. எந்த மண்டிக்காரர் எடையில் நேர்மையானவர், எந்தக் கடைக்காரருக்கு எட்டாயிரத்துக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது என்பது பாலிசிப் பத்திரத்தில் இருக்காது. அதற்கு ஒரு நோட்டு வேண்டும். அதில்:

சரக்கு அனுப்புவோர் பெயர், போன் நம்பர், வழக்கமான தவணை. ஒவ்வொரு கடைக்காரருக்கும் கடன் எல்லை. மாதம் ஒருமுறை அவர் கையெழுத்தோடு பாக்கி. ஜி.எஸ்.டி., பாங்க் விவரங்களை யார் கையாள்கிறார், ஓ.டி.பி. எந்த செல்போனுக்கு வருகிறது. பாலிசி நம்பர்கள், கட்ட வேண்டிய தேதிகள். பீரோ, குடோன் சாவி எங்கே.

ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் இரண்டாவது ஆள் ஒருவரைப் பழக்குங்கள். வருடத்தில் பத்து நாள் மேனேஜருக்குக் கட்டாய லீவு கொடுங்கள். அவர் ஊருக்குப் போயிருக்கும் பத்து நாளில் கடை எங்கே தடுமாறுகிறது என்று பார்த்தால், நோட்டில் எழுத வேண்டியது எது என்று தெரிந்து விடும். முதலாளியும் அதே போல் பத்து நாள் போய்வந்தால் இன்னும் நல்லது. வீட்டுப் பெண்கள் மாதம் ஒரு நாளாவது கடைக் கணக்கைப் பார்ப்பதும் அவசியம். நாளை பாரம் அவர்கள் தலையில் இறங்கும்போது "எனக்கு ஒன்றுமே தெரியாதே" என்ற நிலை வரக் கூடாது.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

முதல் வாரம், மூன்று கேள்வித் தாளை எழுதுங்கள். இரண்டாம் வாரம், இழப்புக் கணக்குப் போடுங்கள். கூட்டுப் பத்திரத்தைப் படியுங்கள். மூன்றாம் வாரம், இரண்டு மூன்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் பிரீமியம் கேட்டு, ஆடிட்டரிடம் காட்டுங்கள். நான்காம் வாரம், ஊழியர்களின் 456 ரூபாய்க் காரியத்தை முடித்து, நோட்டில் முதல் பக்கத்தை எழுதுங்கள்.

சரக்கு போனால் மறுபடி வாங்கலாம். ஆளை வாங்க முடியாது. அவர் இல்லாத நாளில் அவர் குடும்பமும் நம் கடையும் தெருவுக்கு வராமல் பார்த்துக் கொள்வது நம் கையில்தான் இருக்கிறது. மழைக்கு முன்னே குடோன் கூரையைச் செப்பனிடுகிறோம் அல்லவா? இதையும் அந்த வேலைகளோடு சேர்த்துக் கொள்வோம்.